என் மனைவி படித்த நாவல்கள்

கேஸ் புத்தகத்தைத் தேடப்போய்த்தான் அந்த நாவல்கள் என் கையில் அகப்பட்டன. தங்கைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று மனைவி அச்சரப்பாக்கம் போயிருந்தாள். பத்து நாள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டு வீட்டில் நான் மட்டும். சிலிண்டர் தீர்ந்துபோய் அவளுக்குப் போன் செய்தேன். "பீரோல என் பொடவைங்களுக்குக் கீழ பாருங்க" என்றாள். புடவைகளுக்குக் கீழே கேஸ் புத்தகம் இருந்தது. அதற்கும் கீழே, செய்தித்தாளில் அட்டை போட்ட ஏழு புத்தகங்கள்.

அவள் கதை படிப்பவள் என்பது எனக்குத் தெரியும். சாயங்காலம் குக்கர் விசிலுக்காகக் காத்திருக்கும்போது கையில் ஏதாவது இருக்கும். எங்கள் சர்ச் பெண்களுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும் கிறிஸ்தவ நாவல்கள் அவை. கன்வென்ஷன் கூட்டங்களில் பந்தலுக்கு வெளியே மேஜை போட்டு விற்பார்களே, அந்த மாதிரி மெல்லிய புத்தகங்கள். ஒருமுறை, "இன்னா கதை அது?" என்று கேட்டேன். "லவ் கதைதான். ஆனா ஜெபம் பண்ணிட்டு லவ் பண்ணுவாங்க" என்றாள். நான் சிரித்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். அதோடு சரி.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது என்ன தோன்றியதோ, ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். செங்கல்பட்டிலிருந்து ரயிலில் கால்மணி நேரம்கூட ஆகாது. போகும்போது ஆறு பக்கம், வரும்போது ஆறு பக்கம் என்று படிக்க ஆரம்பித்து, பிறகு தனியாக இருந்த ராத்திரிகளிலும் படித்தேன்.

முதலில் கேலியாகத்தான் இருந்தது. கதாநாயகி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கதாநாயகன் விசுவாசத்தை இழந்த டாக்டர். அவனுக்கு வியர்ப்பதே இல்லை. கோபம் வந்தால் ஜன்னலோரம் போய் நின்று மழையைப் பார்க்கிறான். இரண்டாவது புத்தகத்தில் அவன் இன்ஜினியர், அவள் டீச்சர். ஏழு புத்தகத்திலும் பேன்ட்டில் கிரீஸ் கறையோடு ஷிப்டு முடிந்து வருகிற ஆள் ஒருவன்கூட இல்லை. எல்லோருடைய ஜெபத்துக்கும் நூற்றுப்பத்தாம் பக்கத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. ஆனாலும் மூன்றாவது புத்தகத்தில், பெண்ணொருத்தி தன் அப்பாவை மன்னிக்கிற இடத்தில், ரயிலைவிட்டு இறங்கியவன் பிளாட்பாரத்திலேயே நின்று அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் ஷேர் ஆட்டோவுக்குப் போனேன். தாமதமாக வந்ததற்கு சூப்பர்வைசரிடம் ரயில் லேட் என்றேன்.

அந்தப் பக்கங்களில்தான் பென்சில் கோடுகளைக் கவனித்தேன். ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் சில வரிகளுக்குக் கீழே மட்டும் மெல்லிய கோடு. 'அவன் குறுக்கே பேசவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.' இன்னொரு புத்தகத்தில், 'உனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.' ஐந்தாவது புத்தகத்தில், 'ஒருநாளாவது அவனோடு கடலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.'

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கூட வாழ்கிறவள், என்னிடம் சொல்ல முடியாததையெல்லாம் இப்படிக் கோடு போட்டு வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். அவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி, புரியுது" என்று நான் முடித்துவைப்பது உண்மைதான். மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்தபோது கூட்டிக்கொண்டு போனதோடு சரி. ஏழு புத்தகத்தின் கோடுகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் இப்படி ஒரு காரியம் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் ஊரிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்தாள். நான் வாயே திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ், டிரிப்ஸ், பக்கத்து பெட்காரம்மா என்று போன கதை பாதியில் நின்றது.

"இன்னாங்க, கேக்கறீங்களா இல்லியா?"

"கேட்டுகினுதான் கீறேன்."

"அப்ப ஏன் ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறீங்க? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போகும்போது வாசலில் நின்று, என்னால் முடிந்த அளவு மென்மையாக, "உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அரை கிலோ சின்ன வெங்காயம். போனவாட்டி மாரி அழுகுனத வாங்கிக்கினு வராதீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பைக்கைத் திருக்கழுக்குன்றம் சாலையில் திருப்பினேன். எங்கே எங்கே என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். மாமல்லபுரத்தில் கூட்டத்தைவிட்டுத் தள்ளி, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் பக்கம் போய், ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். சர்ச்சுக்குக் கட்டியிருந்த பட்டுப்புடவையில் மணல் ஒட்டாமல் கொசுவத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் கடலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"உண்மைய சொல்லுங்க" என்றாள். "டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட மறைக்காதீங்க."

அப்புறம் சொல்லாமல் இருக்க முடியுமா? புத்தகங்களைப் படித்ததையும் கோடுகளைப் பார்த்ததையும் சொல்லிப் பர்ஸிலிருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஐயோ, அது நான் போட்ட கோடு இல்லீங்க."

"பின்ன?"

"அக்கா போட்டது. அந்த புக்கெல்லாம் அவங்களுதுதான்."

அக்கா என்று எங்கள் சர்ச்சில் எல்லோரும் கூப்பிடுவது ஒருவரைத்தான். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்ச்சுக்குப் பின் தெருவில் தனியாக இருக்கிறார். ஆராதனை முடிந்ததும் பெஞ்சுகளில் விட்டுப்போன பாட்டுப் புத்தகங்களைப் பொறுக்கி அடுக்கிவிட்டுக் கடைசியாகப் போவார். என்னைப் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்பார். இத்தனை வருஷத்தில் அதற்குமேல் நாங்கள் பேசியதில்லை.

என் மனைவியின் சிரிப்பும் நின்றுவிட்டது. காகிதத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தாள். "நானும் அந்தக் கோடெல்லாம் பார்த்திருக்கேன். அவங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல" என்றாள். யாரோ ஒருவரின் வீட்டுக்குள் அழைக்காமல் நுழைந்து, அவருடைய ஆசைகளை ஒரு வாரமாக என் பர்ஸில் வைத்துச் சுற்றியிருக்கிறேன். காகிதத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "சரி, நீயா இருந்தா எந்த வரியில கோடு போடுவ?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "நான் எப்பலேந்து இந்த புக்கு படிக்கறேன், தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

தெரியாது.

"உங்க பழைய கம்பெனிய மூடுனாங்களே, அப்பலேந்து."

ஆறு வருஷத்துக்கு முந்திய கதை அது. ஒரு திங்கட்கிழமை கேட்டிலேயே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வாரம் வழக்கம்போல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி பிளாட்பாரக் கோடியில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவேன். சாயங்காலம் ஷிப்டு முடிந்தவன்போல் வருவேன். மூன்றாவது வாரக் கடைசியில்தான் அவளிடம் சொன்னேன். "சரி, சாப்பிடுங்க" என்று சோறு போட்டாள். எவ்வளவு பொறுமைசாலி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு நாலாவது நாளே தெரியும்" என்றாள். "உங்ககூட வேல செஞ்சவரு சம்சாரம் மார்க்கெட்ல பார்த்து, இன்னாக்கா பண்ணப்போறீங்கன்னு கேட்டுச்சு. நான் தெரிஞ்ச மாரியே நின்னுகினு இருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். டெய்லி சாயங்காலம் வாசல்ல செருப்ப கழட்டுவீங்க இல்ல, அப்பல்லாம் இன்னிக்கு சொல்லிடுவாருன்னு நெனைப்பேன். எங்க வெயில்ல உக்காந்துனு கீறாரோன்னுதான் பாட்டில்ல மோர் ஊத்திக் குடுத்தேன். ஏசி போட்ட கம்பெனிக்கு எதுக்கு மோருன்னுகூட நீங்க கேக்கல."

மோர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொத்தமல்லி கிள்ளிப்போட்டு, உப்புத் தூக்கலாக. தினமும் பதினோரு மணிக்கு அந்தப் பெஞ்சில் குடிப்பேன்.

"அப்பதான் ஒருநா அக்கா வூட்டுக்குப் போனேன். எதையும் சொல்லல. படிக்க ஏதாவது குடுங்கக்கான்னேன். அந்தக் கதையில ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட ஒரு விஷயத்த மறைச்சு வச்சிருந்தான். என்னால தாங்க முடியல. கடைசி பக்கத்த மொதல்ல படிச்சிட்டேன். சொல்லிட்டான். அப்பறமா பொறுமையா மொதல்லேந்து படிச்சேன். இப்பவும் எந்த புக்குன்னாலும் அப்படித்தான்."

அந்த மூன்றாவது வாரக் கடைசியில், வேலை போனதை மட்டும்தான் சொன்னேன். மறைத்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அந்தப் படகு நிழலில்தான் எனக்கு உறைத்தது. நாவல்களில் அந்த மாதிரி இடத்தில் மண்டியிடுகிறார்கள், மழை வருகிறது. எனக்குச் சுண்டல் விற்கிற பெண்மணி தாண்டிப்போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"தப்புதான்" என்றேன். "உன்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். மன்னிச்சிடு."

அவள் மணலில் கையை விட்டு எடுத்தாள். "உம்" என்றாள்.

"இன்னும் கோவமா கீறியா?"

"கொஞ்சம் கீது. இல்லன்னு சொன்னா பொய்தானே" என்று எழுந்து புடவையை உதறினாள். "வெயிலு ஏறுது. வாங்க, பசிக்குது."

அந்தக் கொஞ்சம் எப்போது தீர்ந்தது, தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதைகள் மன்னிப்போடு முடிந்துவிடுகின்றன. மன்னித்த மறுநாள் காலை அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் வீட்டில் மறுநாள் காலை அவள், "மோட்டார் போட்டுட்டு வாங்க" என்றாள். நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே கம்பெனியில் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். சமயத்தில், "போதும், உள்ள வந்து சொல்லுங்க" என்கிறாள்.

நாவல் படிப்பதையும் நான் விடவில்லை. ரயிலில் கூட வருகிறவர்கள் அட்டையைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, பாஸ்டர் ஆகப்போறியா?" என்று ஓட்டுவார்கள். ஓட்டட்டும்.

அடுத்த தடவை அக்காவிடமிருந்து வந்த நான்கு புத்தகங்களில் கோடே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது ரப்பரால் தேய்த்த தடம் தெரிந்தது. சில இடங்களில் எழுத்தே மங்கியிருந்தது. "நீ ஏதாவது சொன்னியா?" என்று மனைவியைக் கேட்டேன். "நீங்களும் படிக்கறீங்கன்னு மட்டுந்தான் சொன்னேன்" என்றாள். இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருந்தது. போய் மன்னிப்புக் கேட்டால் கோடுகளைப் பார்த்தோம் என்று ஆகிவிடும். என்ன செய்வதென்று ஒரு மாதம் தெரியவில்லை.

கன்வென்ஷன் வந்தது. மேஜையில் இருந்த நாவல்களில் புதிதாக வந்த ஒன்றை வாங்கினேன். அடுத்த ஞாயிறு அக்கா பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எனக்கா தம்பி? நீங்க ரெண்டு பேரும் மொதல்ல படிச்சிட்டுக் குடுங்களேன்."

"இல்லக்கா, இது உங்களுக்குத்தான். நீங்களே வச்சுக்கோங்க. திருப்பித் தரவும் வேணாம், வேற யாருக்கும் குடுக்கவும் வேணாம்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். "இந்த ஹீரோவும் டாக்டருதானா?" என்றார்.

"ஆமாக்கா. எனக்கு இந்த டாக்டருங்களே புடிக்கல. ரொம்ப நல்லவங்களா கீறாங்க."

அக்கா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "எனக்குந்தான் தம்பி" என்று சொல்லிப் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.