செவலைக்கு வைத்த சோதனை

அந்த நாயின் கழுத்தில் தோல்வார் இல்லை. ரயில்வேயில் கழித்துப்போட்ட சிவப்புக் கொடித் துணியைத் திரித்துக் கட்டியிருந்தார் கேட்காரர். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஓமலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நான் போர்டு பள்ளி ஆசிரியர். பள்ளிக்கு எதிரே ரயில்வே கேட். கேட்காரருக்கு மனைவி மக்கள் இல்லை. செவலை என்ற அந்த நாய் மட்டும் இருந்தது.

செவலைக்கு வலிப்பு வரும். சாய்ந்து விழுந்து, நான்கு கால்களும் விறைத்து உதறும். வாயில் நுரை தள்ளும். சற்று நேரத்தில் எழுந்து, தன்னை வளர்த்தவரையே யாரென்று அறியாததுபோல் விழிக்கும். எதையும் நாள் குறித்து எழுதிவைக்கும் பழக்கமுடையவன் நான். ஆடியில் தொடங்கி மாசிவரை ஒன்பது முறை என்று என் டைரி சொன்னது.

அந்த மாசியில் குடியானவர் வீட்டுக் குழந்தை ஒன்று வெறிநாய் கடித்து இறந்தது. கடித்தது வேறு நாய். ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த ஊருக்கு நுரை தள்ளும் நாயெல்லாம் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மணியக்காரர் முன்னே வர, இருபது பேர் தடிகளோடு கேட்டருகே கூடினார்கள்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, நாய்க்கு நீங்கதான் வக்கீலுங்களா?" என்றார் ஒருவர். நான் டைரியை விரித்துக் காட்டினேன். வெறி பிடித்த நாய் பத்து நாள் தாங்காது, இது ஆடியிலிருந்து விழுந்தெழுந்து உயிரோடிருக்கிறது என்றேன்.

மணியக்காரர் யோசித்தார். "செரிங்க. சாயங்கால வண்டி போற வரைக்கும் எல்லார்த்து முன்னாலயும் நிக்கட்டும். உழுகலீனா உட்டுட்டுப் போயிர்றோம்."

நியாயமாகவே பட்டது. ஒப்புக்கொண்டேன்.

"கூட்டத்தக் கண்டா மெரளுதுங்க சாமி. தடியவாச்சும் கீழ போடச் சொல்லுங்க" என்றார் கேட்காரர். தடிக்கும் வலிப்புக்கும் என்ன தொடர்பென்று எனக்கு விளங்கவில்லை. தடிகளைக் கீழே போடும்படி நான் சொல்லவில்லை.

செவலை நடுங்கிற்று, ஆனால் நின்றது. கேட்காரரின் உள்ளங்கை அதன் முதுகைவிட்டு அகலவில்லை. அப்போது வண்டி கூவியது. கேட்டைச் சாத்தாமல் இருக்க முடியாது. செவலையைப் பிடித்திருந்த கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். பத்தடி போயிருக்கமாட்டார், செவலை சாய்ந்தது. தடிகள் இறங்கின. நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

அச்சம் மிகும்போது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் இரத்தத்தில் ஒரு சுரப்பைக் கலக்கின்றன என்றும், வலிப்புக்கு ஏதுவான மூளையை அந்தக் கலவரம் எளிதில் கவிழ்த்துவிடக்கூடும் என்றும் வெகுகாலம் கழித்துப் படித்தேன். பழைய டைரியைத் தேடி எடுத்தேன். விழுந்த நாட்களை எழுதியிருந்தேனே தவிர, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனாலும் நாட்களே சில செய்திகளைச் சொல்லின. ஒன்று தீபாவளிக்கு மறுநாள். இன்னொன்று, பகல் முழுதும் பட்டாள வண்டிகள் ஓடிய நாள். நாங்கள் வைத்தது சோதனையே அல்ல. நோயை வரவழைத்துவிட்டு, வந்ததென்று அடித்தோம். இன்று மிருக வைத்தியர் முதலில் கேட்பது, "எதற்காவது பயந்ததா?" என்பதைத்தான்.

அன்று வண்டி போய், கூட்டமும் கலைந்த பிறகு கேட்காரர் திரும்பி வந்தார். கிடந்ததைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நான் அக்கட்ட போனதுமே உழுந்துருச்சுங்களா?"

"இல்லீங்க. ரொம்ப நேரம் நின்னுது" என்றேன். நாள், நேரக் கணக்கில் நான் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவர் முகம் சற்றுத் தெளிந்தது. "பரவாயில்லீங்க சாமி," என்றார். "நானில்லாமயும் நின்னிருக்குது."