அணைக்காத சூடம்

அழகம்மாளை ரத்தினவேலுக்குக் கட்டிக் கொடுத்ததற்கு ஒரே காரணம், அவர் சமயபுரத்தில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவர் என்பதுதான்.

ரத்தினவேலின் ஊர் மருங்காபுரிப் பக்கம். அவர்கள் தோட்டத்தில் கூலி வேலை செய்த இருளாயி, சின்ன வயதிலேயே தாலியறுத்தவள், முழுகாமல் இருந்தாள். ஊர்க் கூட்டத்தில் அவள் ரத்தினவேலின் பெயரைச் சொன்னாள். அவர் இல்லையென்றார். இருவரையும் மாரியம்மன் சன்னதிக்கு அழைத்துப் போனார்கள். எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்து, "நான் இவளைத் தொட்டதில்லை" என்றார் ரத்தினவேல். இருளாயியின் முறை வந்தபோது அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் நீட்டவில்லை.

"பாத்தீங்களா, பயந்துட்டா. ஆம்பளை சாமி முன்னால பொய் சொல்லுவானா?" என்று கூட வந்தவர்கள் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் இருளாயி ஏறவில்லை. அது ஐம்பத்திரண்டாம் வருஷம்.

அடுத்த தையில் கல்யாணம். "ஒழுக்கத்துக்கு அம்மனே சாட்சி. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் அழகம்மாளின் அப்பா. புதுமணத் தம்பதி எடமலைப்பட்டி புதூருக்கு வந்து வாடகை சைக்கிள் கடை வைத்தார்கள். ரத்தினவேல் குடிக்கமாட்டார், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் சமயபுரம் போகலாமென்றால் மட்டும் ஏதாவது வேலை வந்துவிடும். பங்குனியில் தீச்சட்டி ஏந்தி வரும் பெண்களைக் கண்டால் கடைக்குள் போய்ப் பலகையைச் சாத்திக்கொள்வார். சில பகல்களில் சோற்றில் கை வைத்தபடியே வாசலைப் பார்த்து, "யாரு வந்தா?" என்பார். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஐம்பத்தெட்டுக் கோடையில் அவர்கள் மகள் ரெங்கம்மாளுக்கு அம்மை வார்த்தது. நிலையில் வேப்பிலை கட்டியாயிற்று. ரத்தினவேல் தெருவிலேயே நின்றார்.

"பெத்த புள்ளைங்க. உள்ள வந்து மூஞ்சியப் பாருங்க" என்றாள் அழகம்மாள்.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "என்னைத் தேடித்தான் ஆத்தா வந்திருக்கா. அன்னிக்கு நான் பொய்ச் சத்தியம் பண்ணினேன், அழகு. இருளாயி சொன்னதுதான் நிசம்."

உள்ளே குழந்தை தண்ணீர் கேட்டது. அவள் எழுந்து போனாள்.

ரெங்கம்மாள் பிழைத்தாள். முகத்தில் தழும்பு, கண்ணுக்கு ஒன்றுமில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, வேண்டிக்கொண்ட வெள்ளிக் கண்மலரைச் செலுத்த அழகம்மாள் தனியாகச் சமயபுரம் போனாள். செலுத்திவிட்டு, மருங்காபுரிப் பக்கத்து இருளாயியைத் தெரியுமா என்று கடை கடையாகக் கேட்டாள். கோயில் தெருவில் வேப்பிலையும் மஞ்சளும் விற்றுக்கொண்டிருந்தவள்தான் இருளாயி.

"நான் ரத்தினவேல் சம்சாரம்" என்றாள் அழகம்மாள்.

இருளாயி சாக்கை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

"நீங்களும் சத்தியம் பண்ணியிருக்கலாமே, அக்கா. ஏன் பண்ணலை?"

"வயித்துப் புள்ளையோட சூடத்தை அணைக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். புள்ளைக்கு ஆகாதாம். அத்தனை ஆம்பளைங்க நடுவுல அதை எப்படிம்மா சொல்றது?"

"புள்ளை எங்கே?"

"பொண்ணு. வெள்ளையம்மாள்னு பேரு. அவர் சாயல்தான். இந்தக் கோடையில அம்மை வாத்து, போயிட்டா."

இப்போதுதான் உள்ளே நின்று, என் பிள்ளையை விட்டுவிட்டாயே தாயே என்று கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள் அழகம்மாள். அந்தக் கும்பிட்ட கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தினவேல் அசையாமல் கேட்டார்.

"அப்ப அது என் புள்ளைதானே?"

"உங்க புள்ளைதான்."

அவர் வடக்கே, சமயபுரம் இருக்கும் திசை பார்த்துக் கைகூப்பினார். "கழிஞ்சுது. இனிமே ஆத்தா நம்மளை ஒண்ணும் பண்ணமாட்டா." சொல்லிவிட்டுச் சோறு கேட்டார். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பிறகு அவருக்கு வாசலில் யாரும் வரவில்லை. பங்குனி தோறும் நடைப்பயணம் போகிறவர்களுக்குக் கடைமுன் நீர்மோர் ஊற்றினார். அம்மனுக்கு வேண்டியவர் என்று தெருவில் பேர்.

வாசலைப் பார்ப்பது இப்போது அழகம்மாளாயிற்று. தட்டு வைக்கும்போது கை தானாக இன்னொன்றை எடுக்கும். மகளுக்குச் சடை பின்னும்போது, பின்னால் இன்னொருத்தி தன் முறைக்குக் காத்து நிற்பதுபோல் முதுகு சில்லிடும். ரெங்கம்மாளுக்கு ஆறு வயது நிறைந்தது. வெள்ளையம்மாள் ஆறைப் பார்க்கவில்லை. இனி இவள்தான் மூத்தவள்.

அவரோடு அவள் சண்டை போடவில்லை. சமைத்தாள், துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சமயபுரம் பஸ் ஏறினாள். சன்னதிக்குப் போகமாட்டாள். இருளாயி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்துக் கட்டுவாள். வருஷக்கணக்கில் அப்படி. எங்கே போகிறாயென்று ரத்தினவேல் கேட்டதில்லை.

அறுபத்தாறில் ஒரு நாள், இருளாயியே முதல்தடவையாக அவரைப் பற்றி விசாரித்தாள்.

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"தூங்குறாரா?"

"நல்லாத் தூங்குறாரு, அக்கா."

இருளாயி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "நீ தூங்குறியா?" என்றாள்.