இருமலுக்குக் கிடைத்த சீட்டு

அன்னவாசலில் பஸ் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த ஃப்ளூ காய்ச்சல் இந்தப் பக்கமும் பரவியிருப்பதால் எல்லோரும் துண்டால் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். ஆனாலும் பஸ்ஸுக்குள் இடமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துதான் நிற்கிறோம். நீளமான கடைசி சீட்டில் மட்டும் ஒருவர் இருமியபடி காலை நீட்டிப் படுத்திருக்கிறார். பக்கத்தில் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கு வயிறு எரிகிறது.

கிட்டப் போய்க் குனிந்து கேட்கிறேன்: "காய்ச்சல் ரொம்ப அடிக்குதாங்க?"

அவர் கண்ணைச் சிமிட்டுகிறார். "காய்ச்சலாவது ஒண்ணாவது! இருமுனா எடம் கெடைக்குதுங்க. புதுக்கோட்டை வரைக்கும் நிம்மதியாப் போயிரலாம்ல. வெளிய சொல்லிறாதீங்க."

பொறாமை தாங்காமல் நானும் பலமாக இருமுகிறேன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாக எழுந்து ஓடுகிறவர் அவர்தான்.