குற்றாலத்தில் ‘ஏலே’ குற்றம்

குழு அட்மின் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஏச்சு மட்டும் நாள் தவறாமல் கிடைக்கும் என்பது சக அட்மின்களான உங்களுக்குத் தெரியாததா? குற்றால அருவிகளில் தண்ணீர் விழுகிறதா என்று சொல்லும் குழு என்னுடையது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியூர்க்காரர்கள் வண்டி எடுப்பார்கள். ஐந்தருவியில் சிப்ஸ் கடை போடும் மைதீன் அண்ணாச்சிக்கு வருஷப் பிழைப்பே இந்தச் சீசன்தான். சரியாக இந்த நேரம் பார்த்து ஆப் கம்பெனி புது விதி கொண்டுவந்தது. மரியாதையில்லாத பேச்சோ வதந்தியோ மூன்று முறை சிக்கினால் குழுவுக்கு மூடுவிழா.

மரியாதை

“ஏலே, மெயின் அருவில தண்ணி எப்படிலே?” என்று தென்காசிக்காரர் ஒருவர் தன் பள்ளிக்கூடச் சிநேகிதனைக் கேட்டார். ‘ஏலே’ வசைச்சொல்லாம். முதல் எச்சரிக்கை வந்தது. பயந்துபோய், இனி எல்லாரும் ‘அவர்களே’ என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அன்றைக்கே அந்தச் சிநேகிதன் குழுவை விட்டுப் போய்விட்டான். போகும்போது எழுதினான்: “நேத்து வரைக்கும் ஏலேன்னான், இன்னைக்கு அவர்களேங்கான். நான் அவனுக்கு அப்படி என்ன துரோகம் பண்ணிட்டேன்?”

வெள்ளம்

புளியறையில் சாயாக்கடை வைத்திருக்கும் குமாரேட்டனுக்குப் பேச்சில் பாதி மலையாளம். ஐந்தருவியில் குளித்த சந்தோஷத்தில், “இங்கன நல்ல வெள்ளம், எல்லாரும் வாங்க” என்று போட்டுவிட்டார். அவருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். கம்பெனி மிஷினுக்கு அது பேரிடர் வதந்தி. இரண்டாவது எச்சரிக்கை! அதோடு விட்டதா? பதிவை நீக்குவதற்குள் பார்த்தவர்களெல்லாம் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். மைதீன் அண்ணாச்சி போனில் கத்தினார்: “எண்ணெய் காஞ்சுக்கிட்டுக் கெடக்கு, ஒரு ஈ காக்காயக் காணும். தண்ணின்னு எழுத அந்த ஆளுக்குக் கை வலிக்கா வே?”

மௌனம்

பொங்கி எழுந்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருத்தரும் ஒரு வரி எழுதக்கூடாது, கம்பெனி நடுங்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். விடிந்ததும் விடியாததுமாக ஒருவர், “நான் இன்று எதுவும் எழுத மாட்டேன்” என்று எழுதினார். “நானும்.” “நானுந்தான்.” “யாரும் எழுதாதீங்கப்பா!” இப்படியே பதிவுகள் வந்து குவிந்துவிட்டன. ஒரு மகராசன் மௌனமாகக் குளிக்கும் வீடியோவைப் போட, அதற்கு ஊரே கைதட்டியது. சாயங்காலம் கம்பெனியிடமிருந்து செய்தி: “வாழ்த்துகள்! உங்கள் குழு இன்று மிகவும் சுறுசுறுப்பாக இருந்தது.”

விளக்கம்

இவர்களை நம்பினால் ஆகாது என்று மேல்முறையீட்டை நானே எழுதினேன். ‘ஏலே’ ஆண்பிள்ளையை அழைப்பது, ‘ஏட்டி’ பெண்பிள்ளையை அழைப்பது, இரண்டுமே உரிமைச் சொற்கள் என்று உதாரணங்களோடு விளாசியிருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே புல்லரித்தது. எல்லாரும் நகலெடுத்து அனுப்பட்டுமே என்று குழுவிலும் போட்டேன். போட்ட கையோடு குழு காலி. ஒரே பதிவில் அத்தனை வசைச்சொற்களாம்! அழுகையே வந்துவிட்டது எனக்கு. சீசன் பாதிகூட முடியவில்லை. மைதீன் அண்ணாச்சி முகத்தில் எப்படி விழிப்பது? ஐந்தருவிக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “இத்தன பேரு ஏசியும் மூடாத குழுவ, நீரு ஒத்த ஆளா விளக்கம் சொல்லியே மூடிட்டீரே வே.”

எப்படியோ, கம்பெனி ஆசைப்பட்டது நடந்துவிட்டது: எங்கள் குழுவில் இப்போது மரியாதைக் குறைவாக ஒருத்தரும் பேசுவதில்லை, பேசுவதற்குக் குழுதான் இல்லை.