ஒரகடத்தில் எடை போடும் நாள்

படித்தவள் நான், ஏன் தயங்கினேன்?

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் பஞ்சராகி நிற்க, கைக்குழந்தையான மகளுடன் இறங்கி நிற்கிறேன். வேப்பமரக் கிளையில் தொங்கும் கொக்கித் தராசில் சேலைத் தூளி கட்டி, ஊர் மாதர் சங்கத் தலைவி தனம் குழந்தைகளை எடை போடுகிறார். எடை குறைந்த குழந்தைக்குத்தான் சத்துமாவு. குச்சிக் கால்களுடன் ஒரு குழந்தையை இடுப்பில் இறுக்கியபடி ஒருத்தி ஒதுங்கி நிற்கிறாள்.

“எடை போட்டா கண்ணு பட்டுடும்கா.”

“கண்ணு பட இன்னாடி கீது? எலும்புதான் கீது,” என்கிறார் தனம். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவள் சிரிக்கவில்லை. தனம் என்னிடம் திரும்புகிறார். “டவுன் பொண்ணே, உன் கொழுக்மொழுக்க மொதல்ல வையிம்மா. அதப் பாத்து இவளும் வைப்பா.”

என் கை மகளின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் தொடுகிறது.

“தூங்குறா,” என்கிறேன். மகள் விழித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தாய் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, மாவு வாங்காமலே நடக்கிறாள்.

தனம் என்னைத் திட்டவில்லை. “அடுத்த மாசமும் போடுவோம்,” என்கிறார்.

மாதந்தோறும் இதே வழியாகத்தான் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அடுத்த முறை இறங்கி என் மகளை முதலில் வைத்தால் போதுமா, அந்தத் தாயின் வீட்டைத் தேடிப் போகவேண்டுமா? குழந்தை வளர்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.