பாசி படித்த ஓரகத்தி

என் ஓரகத்தி பிஎச்.டி. சேரப்போகிறாள் என்று தெரிந்த அன்று நான் கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன்தான் வந்து சொன்னார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டு. அவள் ஸ்கூல் டீச்சர் வேலையை விடப்போகிறாள். தங்கள் பங்கு மனையில் பாதியை விற்றுத்தான் அவள் படிப்பும் வீட்டுச் செலவும் ஓடவேண்டும்.

“இன்னாத்த படிக்கப் போறா?” என்று மாமியார் கேட்டார்.

“ஏரியில கீற பாசிம்மா.”

“பாசியா? அத்த வழிச்சிப் போடறதுக்குதான நாம ஆள் வெக்கறோம்!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, வழித்த இடத்தையே மறுபடி மறுபடி வழித்துக்கொண்டிருந்தேன்.

மண்ணூரில் மாமனார் நிலம் கம்பெனிகளுக்குப் போனது போக மிஞ்சியதை அண்ணனும் தம்பியும் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்கில் வரிசையாக ரூம் கட்டினோம். பூச்சு காய்வதற்குள் கம்பெனி வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பையன்கள் பாயும் பக்கெட்டுமாக வந்து நின்றார்கள். அடுத்த மாதமே வாடகை வந்தது. அவர்கள் பங்கில் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. வீடு மட்டும் பொது. கீழே நாங்களும் மாமியாரும், மாடியில் அவர்கள் இருவரும். ஃப்ரிட்ஜ் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னை யாரும் படிக்கவிடாமல் தடுக்கவில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் அப்பா காலேஜ் அப்ளிகேஷன் வாங்கி வந்தார். எனக்கு வேண்டாம், போதும் என்று நான்தான் சொன்னேன். அதனால் என் பொறாமைக்கு ஒரு சாக்குகூடக் கிடையாது.

வாரத்தில் பாதி நாள் அவள் ஸ்கூட்டியில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போவாள். சேலை ஓரமெல்லாம் சேறோடு, பாட்டில் பாட்டிலாகப் பச்சைத் தண்ணீர் கொண்டுவருவாள். தோசை மாவுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில்கள். மாமியார் ஒருநாள் கத்தித் தீர்த்த பிறகு கீழ்த்தட்டில் ஒரு மூலை அவளுக்கென்று ஒதுங்கியது.

“எப்பம்மா முடியும் இது?” என்று கேட்பேன்.

“தெரியலக்கா.”

“முடிச்சா இன்னா வேலை கெடைக்கும்?”

“அதுவும் தெரியலக்கா,” என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆகாது. ஒரு ரூம் காலியாகப்போகிறது என்று காதில் விழுந்தாலே எனக்குச் சோறு இறங்காது. இவளுக்கோ எதுவுமே தெரியாது. ஆனாலும் முணுமுணுவென்று பாடிக்கொண்டே பாட்டில் கழுவுவாள்.

அவர்கள் விற்ற இடத்தில் வாங்கியவர் மூன்று மாடி ஹாஸ்டல் எழுப்பினார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், “வித்துட்டாங்களே, இன்னிக்கி இன்னா வெல போவும் தெரியுமா?” என்று தலையில் அடித்துக்கொள்வார். நானும் ஆமாம் போடுவேன். எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது அந்த மனையல்ல.

ஒரு சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனேன். பழைய மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கியிருந்தாள். ஜன்னலோரம் அதை வைத்துக்கொண்டு, “அக்கா, ஒரே ஒரு தடவ பாருங்களேன்,” என்றாள்.

குனிந்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சை ரிப்பனைச் சுருட்டி வைத்தது போல இழை இழையாக ஓடியது. நடுவில் பாசிமணி மாதிரி ஓர் உருண்டை, தானாக, மெல்ல, உருண்டுகொண்டே போனது. போய் ஓர் இழையில் முட்டி, திரும்பி, வேறு பக்கம் உருண்டது. இவ்வளவும் ஒரு சொட்டுத் தண்ணீரில். எனக்குக் கண்ணை எடுக்க மனமில்லை.

நிமிர்ந்து, “ஒண்ணும் தெரியல. எல்லாம் மங்கலா கீது,” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். எதையோ திருகி, “இப்ப பாருங்கக்கா,” என்றாள்.

“இல்லம்மா, அடுப்புல வேல கீது.”

படியிறங்கும்போது அவள் கொழுந்தனைக் கூப்பிடுவது கேட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். துணியை மடிக்காமல் அப்படியே கட்டிலில் போட்டேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் தொடர்ந்து கரண்ட் இல்லை. அவள் பல மாதமாக மாடியில் டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்த்துவந்த பாசியெல்லாம் செத்துப்போனது. மாடிப்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள். காபி போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவினேன்.

“போதும்மா, வுட்டுடு. திரும்ப ஸ்கூலுக்கே போ,” என்றேன். அதை நான் எவ்வளவு அன்பாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

மறுநாள் காலை அவள் ஸ்கூட்டி ஏரிக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. இருந்த பொறாமையெல்லாம் ஒரு பக்கம், அன்றைக்குப் பட்டது ஒரு பக்கம். அப்படி உட்கார்ந்து அழுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? ஒருவன் ரூமைக் காலி செய்தால் போர்டு மாட்டுவேன், இன்னொருவன் வருவான்.

ஒருவழியாகப் படிப்பு முடிந்தது. பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்தது. சம்பளம் எங்கள் ரூம் வாடகை வரவைவிடக் குறைவு. என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அன்று கேசரி கிண்டினேன். அவளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் செய்கிறேன் என்று மாமியார் நினைத்துக்கொண்டார். அந்த நிம்மதி கேசரி தீரும்வரைகூட நிற்கவில்லை. அடுத்த வாரமே அவள் மாணவிகளை ஏரிக்கு அழைத்துப்போய், பழையபடி சேற்றுக் காலோடு, பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

போன வருஷம் என் மகள் பன்னிரண்டாவது முடித்தாள். செல்போன் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தவர்கள் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காலேஜிலும் சீட் கிடைத்திருந்தது. நான் கம்பெனிக்குப் போ என்றேன். அவள் சித்தியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். என்னைக் கேட்டது போதவில்லை. நானும் துணி காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே போய் அவர்கள் ஜன்னலை ஒட்டிய மொட்டைமாடியில் நின்றேன். திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

“சித்தி, உண்மைய சொல்லுங்க. அவ்ளோ வருஷம் படிச்சீங்களே, லாபமா?”

“பணத்த கேக்கறியா? நஷ்டம்டி. மனை போச்சு. உங்கம்மா ரூம் கட்னாங்க பாரு, அதான் கெட்டிக்காரத்தனம்.”

“அப்ப மறுபடியும் சான்ஸ் வந்தா?”

“அதயேதான் செய்வேன்.” பாட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது. “ஆனா பின்னாடி காசு வரும்னு நெனச்சிகினு போவாத. நடுவுல கீற வருஷத்த உன்னால தாங்க முடியாது. எனக்கு அந்த வருஷங்கதான் புடிச்சிருந்துது.”

ஈரத்துணியைப் பிடித்தபடி நின்றேன். என்னைக் கெட்டிக்காரி என்கிறாள், அதுவும் மனசாரச் சொல்கிறாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அவள் பலனுக்காகக் காத்திருக்கிறாள், எனக்கோ அது கைக்கு வந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மகள் இறங்கிவந்தாள். “கம்பெனிக்கே போறம்மா. சித்திக்கு மாதிரி எனக்கு எதுவும் அவ்ளோ புடிக்கல, இப்போதிக்கு.”

ஜெயித்தது நான்தான். ஆனாலும், “நல்லா ரோசன பண்ணியா?” என்று கேட்டேன்.

“நீதானம்மா சொன்ன?”

“சொன்னேன். ஆனா காலேஜு எங்க போவப்போவுது...”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

முதல் நாள் அவளைக் கம்பெனி பஸ் ஏற்றிவிட ரோட்டுமுனைக்குப் போனேன். ஓரகத்தியும் கல்லூரி பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்தாள். மகள் ஏறி, ஜன்னலோரம் இடம்பிடித்து, எங்கள் இரண்டு பேருக்கும் கையாட்டினாள். சிரித்துக்கொண்டுதான் போனாள்.

“நல்லா இருப்பாக்கா, கவலப்படாதீங்க,” என்றாள் ஓரகத்தி.

“ம்.”

அவளுடைய பஸ் வந்தது. ஏறும்போதே உள்ளே யாரோ எதையோ கேட்க, அவள் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பஸ் போகும்வரை நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது நைட் ஷிப்ட் முடித்த பையன் ஒருவன் தோளில் துண்டோடு வாசலில் நின்றிருந்தான்.

“யக்கா, தண்ணி வரலியே,” என்றான்.

உள்ளே போய் மோட்டாரைப் போட்டேன்.