பன்னிரண்டாவது நாற்காலி

நான் கண்ணால் கண்டவற்றையும், என் மகள்கள் இருவரும் தனித்தனியே கேட்டபோது ஒன்றுபோலச் சொன்னவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இதற்குக் காரணம் உண்டு. சென்ற பெரிய வியாழனன்று எங்கள் பங்குக் கோவிலில் நடந்த சிறு நிகழ்ச்சி, அதன்பின் பலரால் பலமுறை சொல்லப்பட்டு, வாய்க்கு வாய் வளர்ந்துவிட்டது. ஒருவர் சொல்லும்போது என் கணவர் தேம்பி அழுகிறார்; இன்னொருவர் சொல்லும்போது கோவிலே எழுந்து நின்று கைதட்டுகிறது. இரண்டும் நடக்கவில்லை. பக்தியின் பொருட்டுச் சேர்க்கப்படும் மிகை, நடந்தது மட்டும் போதாது என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனத்தில் ஊன்றிவிடும் என்று அஞ்சுகிறேன். ஆகவே இந்தக் கண்டிப்பு.

என் கணவர் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் கருங்கல்லுக்கு மெருகேற்றுபவர். நான் செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியை. பிறப்பிலேயே கத்தோலிக்கக் குடும்பத்தவள். அவர் உள்நாட்டுச் சிற்றூரின் உழவர் குடும்பத்தில் பிறந்து, எங்கள் திருமணத்துக்கு முன் திருமுழுக்குப் பெற்றவர். ஞாயிறுதோறும் எங்கள் மூவரையும் இருசக்கர வண்டியில் ஏற்றிக் கோவிலுக்குக் கொண்டுவருவார். ஆனால் உள்ளே வரமாட்டார். வாசலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் பூவரச மரத்தடியில், திருப்பலி முடியும்வரை கைகட்டி நிற்பார்.

“எங்க ஊர்க் கோயில்ல யாரும் குந்திக்கினு சாமி கும்புட மாட்டாங்க. எனக்கு நின்னாதான் கும்புட்ட மாதிரி கீது” என்பார்.

நம்பிக்கையை வற்புறுத்தி ஊட்ட முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆதலால் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. சென்ற தவக்காலத்தின், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பின், முதல் ஞாயிறன்றுதான் கவலை தொடங்கிற்று. ஆறாம் வகுப்புப் படிக்கும் எங்கள் இளைய மகள் வண்டியிலிருந்து இறங்கி, நேரே மரத்தடிக்குப் போய் அவளும் கைகட்டிக்கொண்டாள்.

“இன்னாடி இது?” என்றேன்.

“அப்பா நிக்கலாம், நான் நிக்கக் கூடாதா? அப்பா உள்ள வரட்டும், நானும் வரேன்.”

அடுத்த ஞாயிறும் அப்படியே. அவர் வராதவரை அவளும் வரப்போவதில்லை என்பது உறுதியாயிற்று. என் வீட்டில் அணையாமல் காக்க நான் விரும்பிய ஒன்று, என் கண்ணெதிரே பூவரச மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் அன்பியத் தலைவர் வீட்டுக்கு வந்தார். அன்பியம் என்பது, பத்துப் பதினைந்து குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் குழு. தலைவர் ஆட்டோ ஓட்டுநர். என் கணவரின் நெடுநாள் நண்பர்.

“மச்சான், பெரிய வியாழனுக்குக் கால் கழுவ நம்ம அன்பியத்துல ஒரு ஆளு தரணும். உன் பேரைக் குடுத்துட்டேன்.”

யூதாஸ் உட்படச் சீடர் பன்னிருவரின் கால்களை இயேசு கழுவியதன் நினைவாக, அன்று பங்குத்தந்தை பன்னிருவரை நாற்காலிகளில் அமர்த்தி, காலைக் கழுவித் துடைத்து முத்தி செய்வார், அதாவது முத்தமிடுவார்.

“என்னக் கேக்காம எப்படிக் குடுத்த?”

“கேட்டா வேணாம்ப. அதான் கேக்கல. பதினோரு சீட்டு ரொம்பிடுச்சி. மிச்சம் கீறது யூதாஸ் சீட்டுதான்.”

“அதுக்கு நீயே பொருத்தமாத்தான கீற? என்ன எதுக்குக் கூப்புடற?”

இருவரும் சிரித்தனர். பின்னர் என் கணவர் தம் கால்களை நீட்டிக் காட்டினார். மெருகேற்றும்போது கல்லின்மேல் இடைவிடாது தண்ணீர் ஓடும். கல்மாவு கரைந்த அந்தச் சாம்பல் நீரில்தான் பகல் முழுதும் நிற்க வேண்டும். பாதத்தின் வெடிப்புகளிலும் நகக்கண்களிலும் அந்த நிறம் நிலையாகத் தங்கிவிட்டது.

“ஊரே பாக்கச் சொல்ல, இந்தக் கால ஃபாதர் கழுவித் தொடச்சி முத்தி வேற செய்யணுமா? பாவம்பா அவரு.”

“காலுதான் பிரச்சனையா? அத நான் பாத்துக்கறேன்” என்றாள் இளையவள். தந்தை நாற்காலியில் அமர்ந்தால் தானும் உள்ளே அமர்வதாக அங்கேயே வாக்களித்தாள். அதைக் கேட்டபின் அவரால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் முதல் மாலைதோறும் கொல்லைக் குழாயடியில் வேலை தொடங்கிற்று. வெந்நீர்த் தொட்டிக்குள் கால்களை வைத்து அவர் முக்காலியில் அமர்வார். மூத்தவள் புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். ஒருநாள் இளையவள் அவருடைய வேலைப் பையிலிருந்து உப்புத்தாள்களை எடுத்துவந்தாள்.

“மொதல்ல முரடு, அப்பறம் நைசு. நீ அப்படித்தான தேய்ப்ப?”

“அடியே, நான் இன்னா நந்தியா?”

“நந்தி ஆடாம குந்திக்கினு இருக்கும். நீதான் கால ஆட்டற.”

மாலைச் செபமாலைக்கும் அதே நேரம்தான் வாய்த்தது. வழக்கமாக நாங்கள் மூவரும் செபமாலை தொடங்கினால் அவர் தேநீர்க் கடைக்குப் புறப்பட்டுவிடுவார். இப்போது கால்கள் தொட்டிக்குள் இருந்தமையால் புறப்பட இயலவில்லை. நான் மாதாவை வாழ்த்தும் மங்கள வார்த்தை செபத்தின் முதற்பாதியைச் சொன்னேன். பிற்பாதியை மகள்களோடு சேர்ந்து ஓர் ஆண்குரலும் சொல்லிற்று. ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. “உனக்கு எப்படிப்பா தெரியும்?” என்று மூத்தவள் கேட்டாள்.

“ஸ்பீக்கர் வெளியதான கட்டிக்கீறாங்க. இத்தினி வருசமா காதுல வுழாதா?”

அன்று முதல் கொல்லைப்புறத்தில் நால்வர் குரல் கேட்டது. வார இறுதிக்குள் பாதங்கள் ஓரளவு வெளுத்தன. மூத்தவள் தேங்காயெண்ணெய் தடவி, காலுறை மாட்டித் தூங்கச் சொன்னாள். கணவரும் ஒரு புது வேட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

பெரிய வியாழன் அவருக்கு வேலைநாள். பிற்பகலில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. ஒரு விடுதிக்கான சிலை அன்றே வண்டியேற வேண்டியிருந்ததாம். கோவில் வாசலில் நாங்கள் காத்திருந்தோம். பாடகர் குழு முதற்பாடலுக்கு ஆயத்தமாகும் வேளையில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கணுக்கால்வரை சாம்பல் நிறம். கோவில் குழாயில் தேய்த்துக் கழுவியும் வெடிப்புகளிலிருந்து அது போகவில்லை. நேரே பூவரச மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். இளையவளும் உடன் போனாள்.

“வேற ஆளப் பாத்துக்கோ மச்சான். இந்தக் கால வச்சிக்கினு நான் வரல.”

அழைத்துப்போக வந்த அன்பியத் தலைவர் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு என் கணவரின் தோளில் கைபோட்டார்.

“போய்ப் பாரு, பதினோரு பேரும் சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் அடிச்சிக்கினு வந்து குந்திக்கீறானுங்க. ஃபாதருக்கு இன்னிக்கி வேலையே இல்ல. உன் ஒருத்தன் கால்லதான்யா வேலை கீது. வா!”

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் அவரை வாசலுக்குள் இழுத்துவிட்டார். செருப்பைக் கழற்றவேண்டும் என்று இளையவள்தான் நினைவூட்டினாள்.

அவர் பன்னிரண்டாவது நாற்காலியில் அமர்ந்தார். இளையவள் வாக்குத் தவறாமல் என்னருகே வந்தாள். ஆனால் பார்வை மறைக்கிறது என்று சொல்லி, சற்று முன்னே போய்த் தரையில் அமர்ந்துகொண்டாள். மறையுரைக்குப்பின் பங்குத்தந்தை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதல் நாற்காலியிலிருந்து ஒவ்வொருவராகக் கழுவி வந்தார். என் கணவரின் முன் முழந்தாளிட்டு நீர் வார்த்தபோது, கிண்ணத்தில் சாம்பல் நிறம் இறங்கிற்று. பங்குத்தந்தை நிமிர்ந்து அவரிடம் ஏதோ கேட்டார். இவர் குனிந்து ஏதோ சொன்னார். இருவர் தோள்களும் குலுங்கின. அழுகையன்று, சிரிப்பு. பிறகு பங்குத்தந்தை இன்னொரு செம்பு நீர் கொண்டுவரச் சொன்னார். ஒரே ஒரு செம்புதான், குடமன்று. அந்த நீரால் மற்றக் காலையும் கழுவி, இரண்டையும் துடைத்து, இரண்டையும் முத்தி செய்தார். மற்றப் பதினொருவருக்கும் வலக்கால் மட்டுமே கழுவப்பட்டது. இதை மூத்தவளும் உறுதி செய்கிறாள். சாம்பல் நிறம் முழுதும் போயிற்றா என்றால், போகவில்லை. திருப்பலி முடியும்வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போகவில்லை.

ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறன்று வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மற்றவர்கள் அமரும் நீள் பலகையில் அமரவில்லை, கதவோரச் சுவரில் சாய்ந்து நின்றார். அப்போதிருந்து அதுவே அவர் இடம். இளையவள் அவருக்குச் சற்று முன்னே அமர்ந்து, செபத்தின் பிற்பாதி பின்னாலிருந்து ஒழுங்காக வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பாதி நேரம் பீடத்தைப் பாராமல் தந்தையைப் பார்க்கும் பிள்ளையை நான் அதட்டுவதில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. அந்த நாற்காலியின் முன் பங்குத்தந்தை என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார் என்பது தெரியாது. கணவரைக் கேட்டால், “அது எங்க ரெண்டு பேருக்குள்ள” என்கிறார். பங்குத்தந்தையைக் கேட்பது முறையன்று. கணவரை உள்ளே வரச் செய்தது அந்தப் பேச்சா, மகளா என்பதும் தெரியாது. என்றேனும் பலகையில் அமர்வாரா என்பதும் எனக்குத் தெரியாது.